துண்டுக்குள்ளே இருபத்தாறு

உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாமுங்க, ஒரு கால் ஆடுது, போன வாரம் ஒரு வாத்தியார் குப்புற விழுந்தாரு. இக்கட்டால வாங்க, பெஞ்சுல. டோக்கன் எத்தனை? பதினேழா? நல்லாக் காத்துக்கிட்டிருக்கலாம். இப்பத்தான் ஆறு உள்ள போயிருக்குது. எனக்குப் பன்னெண்டு.

எனக்கா? எனக்கு ஒண்ணுமில்லீங்க. என்னையப் பார்த்தா சீக்காளி மாதிரியா இருக்குது? டாக்டரம்மா செவ்வாய்க்கிழமை தவறாம வரச் சொல்லியிருக்காங்க, வர்றேன். மாடு பார்க்கிற வித்தையை என்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிறாங்க. சிரிக்காதீங்க, நிசந்தான். படிச்சவங்களுக்கும் ஒரு ஆசை இருக்காதா? இன்னிக்கு ஒம்பதாவது செவ்வாய்.

என் பேரு பொங்கியண்ணன். மாட்டுத் தரகு. எங்க சந்தையில பொங்கியண்ணன் கை வைக்காம ஒரு நல்ல ஜோடி கைமாறாதுங்க. பள்ளிக்கூடம் நாலாப்போட சரி. பன்னெண்டு வயசுல சந்தையில சாணி அள்ளப் போனவன். பதினெட்டு வயசுல முதல் மாடு வாங்குனேன். ஒத்தைக் கண்ணு குருடு. மறுபக்கமாவே நிக்க வச்சுக் காட்டித் தள்ளி விட்டுட்டானுங்க. அன்னைலேருந்து எதையும் நாலு பக்கமும் சுத்திப் பார்க்காம விடறதில்லை. இதோ இந்த ஆஸ்பத்திரிக்கு முதல் நாள் வந்தப்பக்கூட ஒரு சுத்துச் சுத்தி வந்துதான் உள்ள நுழைஞ்சேன்.

நீங்க என்ன சோலி பார்க்கறீங்க? ஜவுளிக் கடையா? அப்ப உங்களுக்குத் தெரியாது. சந்தையில நாங்க விலையை வாயால பேசறதில்லைங்க. தோளுல கிடக்கிற துண்டை எடுத்து ரெண்டு பேரு கை மேலயும் மூடிக்குவோம். உள்ள விரலைப் புடிக்கிறதுதான் பேச்சு. ஒரு விரலுன்னா ஒண்ணு, முழுக் கையுன்னா அஞ்சு. ஒண்ணா, பத்தா, நூறாங்கிறதை முன்னாடியே காதுல சொல்லிக்கிறது. பக்கத்துல நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. மாட்டுக்கும் தெரியாது. பேரம் முடிஞ்சாத் தரகன் மாட்டுக் கயித்தை வித்தவன் கையிலிருந்து வாங்குனவன் கைக்கு மாத்திக் குடுப்பான். அவ்வளவுதான். கயிறு மாறுற வரைக்கும் அங்க ஒருத்தன் வாயைத் திறக்கக் கூடாது.

இதை நான் எங்க அம்மணிக்கு ஏழு வயசுலயே சொல்லிக் குடுத்தேன். சும்மா விளையாட்டுக்கு. புளியங்கொட்டைக்குப் பேரம் பேசுவோம். கோகிலவாணின்னு பேரு. எனக்கு ஒரே மவ. அவ கதையைத்தான் உங்ககிட்டச் சொல்ல வந்தேன்.

ப்ளஸ் டூ முடிச்சுட்டு டாக்டருக்குத்தான் படிப்பேன்னுட்டா. சரி, படி. கோயமுத்தூருல ஒரு ட்ரஸ்ட்டுங்க. கிராமத்துப் பொண்ணுங்களை எடுத்து, ஒரு வருசம் பரீட்சைக்குப் பயிற்சி குடுத்து, சீட்டுக் கிடைச்சா கடைசி வரைக்கும் படிக்க வைக்கிறாங்க. மார்க்கெல்லாம் பார்த்து அம்மணியைத் தேறுன பட்டியல்ல போட்டுட்டாங்க. ஆனா ஒரு கண்டிசன். இருபது நாள், டாக்டருங்க பக்கத்துல உக்காந்து அவங்க வேலை பார்க்கிறதைப் பார்க்கணும். குறைஞ்சது ரெண்டு டாக்டரு. தினமும் பார்த்ததை நோட்டுல எழுதி, அவங்க கையெழுத்தோட ஜூன் ஒண்ணாந்தேதி காலைல பத்து மணிக்குள்ள கொண்டாந்து குடுக்கணும். பத்தே கால்னா அந்த எடம் வேற புள்ளைக்குப் போயிரும். வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்துட்டு வந்து, சீழைப் பார்த்ததும் ஓடிப் போறவங்களை முன்னாடியே கழிச்சுக் கட்டுறாங்களாம். நல்ல ஏற்பாடுன்னேன். நானும் வண்டியில பூட்டி நாலு எட்டு ஓட்டிப் பார்க்காம காளையை எடுக்க மாட்டேன்.

ஆனா டாக்டருக்கு நாங்க எங்க போறது? எங்க ஒறம்பரை சொந்தபந்தத்துல எண்ணிப் பார்த்தா ஒரு வக்கீலு, அவரும் இப்ப கோழிப்பண்ணை வச்சிருக்காரு. அம்மணி சொன்னா, "அப்பா, நானே போயிக் கேட்டுப் பார்க்கிறேன்." "நீ சும்மா இரு கண்ணு. உலகத்துல கேட்டுக் கிடைச்சது ஒண்ணுமில்லை, பேசிக் கிடைச்சதுதான். பேசறதுக்கு அப்பன் இருக்கிறேன்"னேன். அவ என்னையவே பார்த்தா. அந்தப் பார்வை இருக்குதே, அவங்கம்மா பார்வை.

முதல்ல ஒரு எலும்பு டாக்டருங்க. மூணு மாடி ஆஸ்பத்திரி. வாசல்ல செக்யூரிட்டி, "டோக்கன் இல்லாம உள்ள விட மாட்டேன்." அவனை நாலு வார்த்தை கேட்டேன், அவன் அஞ்சாவது வார்த்தை சொன்னான், சரின்னு டோக்கனே போட்டுட்டேன். அம்மணியை வெளிய உக்கார வச்சுட்டு உள்ள போறேன். பெரிய மேஜை. "என்ன பண்ணுது?"ன்னாரு டாக்டரு.

"எனக்கு ஒண்ணும் பண்ணலீங்க. உங்ககிட்ட ஒரு காரியம். நாள் கணக்குல"ன்னேன்.

அவ்வளவுதான் வாயால சொல்லணும். பக்கத்துல ஒரு நர்ஸு, கதவோரம் அடுத்த டோக்கன், இத்தனை பேரு முன்னாடி பேரத்தைத் திறந்து பேசுனா அந்த மனுசனுக்கு மரியாதையா? துண்டை எடுத்து வலது கை மேல போட்டு நீட்டுனேன். துண்டைப் பார்த்தாரு. என்னையப் பார்த்தாரு. "ஓ, கையா? மூடியே கொண்டு வந்திருக்கீங்க"ன்னு சொல்லிட்டுத் துண்டுக்குள்ள கையை விட்டாரு பாருங்க! அடடா, வெவரமான ஆளுன்னு நான் குளிர்ந்து போயிட்டேன். அவரு ரெண்டு விரலை அழுத்திப் புடிச்சேன். இருபது நாளு. அவரு "ஸ்"ன்னு கையை உருவி, என் ரெண்டு விரலைப் புடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுறாரு.

"இங்க வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லீங்க. ஆனா அதுக்குக் குறைஞ்சாக் கட்டாது."

"இங்க?"

"ஒரு நாள் முன்னப்பின்ன பார்த்துக்கலாமுங்க."

"எத்தனை நாளு?"

"இருபது."

"இருபது நாளா இந்தக் கையை வச்சுக்கிட்டு என்னய்யா பண்ணுனே?"ன்னு ஒரு சத்தம். அடுத்த நிமிசம் என்னைய ஒரு ரூமுக்குத் தள்ளிப் படம் எடுத்து, மணிக்கட்டுலேருந்து முழங்கை வரைக்கும் பட்டையாக் கட்டி, "பதினஞ்சு நாள் அசைக்கக் கூடாது"ன்னு அனுப்பிச்சு உட்டுட்டாங்க. அம்மணி பேச்சை எடுக்கிறதுக்குள்ள அடுத்த டோக்கன் உக்காந்தாச்சு. தரகனுக்கு வலது கையைக் கட்டிட்டா என்னங்க மிச்சம்? ரெண்டு சந்தை வாயைப் பொத்திக்கிட்டு மரத்தடியில நின்னேன். அம்மணி அந்தக் கட்டைப் பார்த்தா. பஸ்ஸுல ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. தோளு குலுங்குச்சு. அழுகிறாளாக்கும்னு நெனச்சு, "விடு கண்ணு"ன்னு தட்டிக் குடுத்தேன். இன்னும் எச்சாக் குலுங்குச்சு.

எட்டைக் கூப்பிடறாங்க. ஏழு எப்பப் போச்சு? பரவால்ல, இன்னிக்கு வேகமாப் போகுது.

ரெண்டாவது, பிரசவம் பார்க்கிற டாக்டரம்மா ஒருத்தங்க. இந்தத் தடவை ரோசனை பண்ணிப் போனேன். சந்தையில ஒரு மாட்டை நல்ல இடத்துல சேர்க்கணும்னா நம்ம ஆளுங்க நாலு பேரு அக்கட்ட இக்கட்ட நின்னு, "அடேயப்பா, என்ன திமிலு! என்ன நடை!"ன்னு சத்தமா வியக்கணும். வாங்கறவன் காதுல அது விழுந்துக்கிட்டே இருக்கணும். நாலு தரகனுங்களைக் கூட்டிக்கிட்டுப் போனேன். காராளன்னு ஒருத்தன், மீசையே ஒரு முழம் இருக்கும். அந்த ரூமுல பார்த்தா வயித்துப் புள்ளைக்காரிங்க இருபது பேரு, நடுவுல இந்த நாலு மீசைங்க துண்டோட உக்காந்திருக்குது.

நர்ஸு வந்து, "நீங்க யாரு கூட வந்திருக்கீங்க?"ன்னா. காராளன் முழிச்சுட்டு, "ஜோடி உள்ள இருக்குதுங்க"ங்கறான். மடையன்.

நான் கண்ணைக் காட்டுனேன். ஆரம்பிச்சானுங்க. ஒருத்தன், "பொங்கியண்ணன் மவளைப் பாருய்யா, ரத்தத்தைப் பார்த்தாக் கண்ணைச் சிமிட்ட மாட்டா." இன்னொருத்தன், "கைராசிக்காரி." அதோட நிறுத்தியிருக்கணுங்க. காராளனுக்கு வேகம் வந்துருச்சு. எந்திரிச்சு நின்னு, "போன மாசி மாசம் என் மாடு கன்னு போட முடியாமத் தலை திரும்பிக்கிச்சு. காலு ரெண்டும் வெளிய, தலை உள்ள. டாக்டரு வரல. இந்தப் பொண்ணுதான் முழங்கை வரைக்கும் கையை விட்டு இழுத்துப் போட்டா!"ன்னு நடிச்சே காட்டுறான்.

எதுத்த பெஞ்சுல ஒரு தலைச்சன்காரி. அவ "அம்மா"ன்னு ஒரு கத்து. அங்கயே வலி எடுத்துருச்சு.

டாக்டரம்மா ஓடி வந்தாங்க, செக்யூரிட்டி ஓடி வந்தான், நாங்க ஓடிப் போனோம். ஆம்பளைப் புள்ளையாம், தாயும் புள்ளையும் சௌக்கியமாம், அப்புறம் விசாரிச்சேன். ஒரு மிட்டாய் குடுத்து விட்டாங்களா? இல்லை. அம்மணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இருபதடி முன்னாலயே நடந்தா. நோட்டால மூஞ்சியை மறைச்சுக்கிட்டு. வெயில் ஏறுது பாருங்க, அதுக்கு.

இதுக்கு மேல நடந்ததுதான் எனக்குப் பெரிய எரிச்சல். மறுநாள் நான் சந்தைக்குப் போயிட்டு வர்றேன், அம்மணி சைக்கிளைத் துடைச்சுக்கிட்டு இருக்கறா. "அப்பா, நம்ம ஊரு ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரு வரச் சொல்லிட்டாரு."

"எப்படி?"

"போனேன். எல்லா ஆளும் போற வரைக்கும் உக்காந்திருந்தேன். கேட்டேன். காலைல எட்டரைக்கு வான்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன்."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "முதல்ல சொன்னதுக்கேவா சரிங்கறது? என் வயித்துல பொறந்துட்டு? எட்டரைன்னா நீ ஒம்பதரைன்னு ஆரம்பிக்கணும். ஒம்பதுல முடியும். இரு, நாளைக்கு நான் வந்து பேசறேன்"னேன். மறுநாள் அந்த ஆஸ்பத்திரி வாசல்லயே சைக்கிளைக் குறுக்க நிறுத்திட்டா. "அப்பா, நீங்க உள்ள வந்தீங்கன்னா நான் படிப்பையே விட்டுட்டு மாடு மேய்க்கப் போயிருவேன்"னா. கூச்ச சுபாவம். அவங்கம்மா பக்கம் எல்லாருமே அப்படித்தான்.

எட்டு நாள் போனா. சின்ன வயசு டாக்டரு, பொறுமையாச் சொல்லிக் குடுத்தாராம். எட்டாம் நாளு அவருக்கு மாறுதல் வந்துருச்சு. எட்டு நாளுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் பெட்டியைக் கட்டிட்டாரு. நான் போயிப் பேசியிருந்தா இருபதுக்கும் போட்டு வாங்கியிருப்பேன். யாரு கேக்கறா?

அப்புறம் அலைஞ்சோம். பல்லு டாக்டரு மாட்டேன்னாரு. காது டாக்டரு ஊருல இல்லை. கண்ணு டாக்டரு எல்லாம் ஒத்துக்கிட்டு, கடைசியில நான் அவரு வாசல்ல இருக்கற கண்ணாடிக் கடைக்காரனோட சண்டை போட்டதுல வேண்டாம்னுட்டாரு. நாளு ஓடுது. மே மாசம் பதினேழாந்தேதி காலைல அம்மணி காலண்டரைப் பார்க்கறா. இன்னும் பன்னெண்டு நாள் வேணும். கையில இருக்கறது பதினாலு. அதுல ரெண்டு ஞாயித்துக்கிழமை. சரியாப் பன்னெண்டு. நாளைக்கு ஆரம்பிச்சாத்தான் உண்டு. ஒரு நாள் தவறுனா அந்த எடம் வேற புள்ளைக்கு. தோசையை நாலாக் கிழிச்சு வச்சுட்டு, நாலையும் திங்காம எந்திரிச்சுப் போயிட்டா. திட்டுனாத் தாங்கிக்கலாமுங்க. எனக்கு அந்தத் தோசையைப் பார்க்கப் பார்க்க என்னமோ பண்ணுச்சு.

அன்னிக்குச் சாயங்காலம்தான் இங்க வந்தோம். டாக்டர் வசுமதி. போர்டுல இங்கிலீசுல நீளமா என்னமோ எழுதியிருக்குது, எல்லாச் சீக்கும் பார்ப்பாங்க போல. எங்க டோக்கனைத் தாண்டி ஒருத்தனைக் கூப்பிட்டாங்கன்னு நான் அந்தக் கவுண்ட்டருல இருக்கறவனைச் சட்டையைப் புடிக்காத குறை. அம்மணி பின்னாடியிருந்து இழுக்கறா. அந்தச் சத்தத்துலயே உள்ள கூப்பிட்டுட்டாங்க. சத்தம் போட்டா வேலை நடக்குதுங்க, எழுதி வச்சுக்குங்க.

உள்ள நுழையறேன். அந்தம்மா என் மூஞ்சியைப் பார்க்கல. என் காலைப் பார்த்தாங்க. வலது காலை. எனக்கு ஒரு நிமிசம் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் மாடு பார்க்கறப்ப முதல்ல பார்க்கறது அதுதான். கொம்பு, திமிலு எல்லாம் அப்புறம். நடந்து வர்றப்பக் கால் எப்படி ஊனுதுன்னு பார்க்கணும். சரியான ஆளுகிட்டத்தான் வந்திருக்கோம்னு தோணுச்சு.

என் காலா? ஒரு சின்னப் புண்ணு இருந்துச்சுங்க. பொங்கல் சமயத்துல ஒரு லாட ஆணி குத்துனது. ஆறும் ஆறும்னு இருந்தேன், கொஞ்சம் சாய்ச்சு நடந்தாச் சரியாப் போயிரும். வலிகூட இல்லை.

அம்மணி நோட்டைக் காட்டி விசயத்தைச் சொன்னா. டாக்டரம்மா புரட்டிப் பார்த்தாங்க. "நல்லா எழுதியிருக்கியே. ஆனா எனக்கு நேரமில்லையேம்மா"ன்னாங்க. அது மறுப்பு இல்லைங்க, பேரம். எனக்குத் தெரியாதா? துண்டை உருவிட்டேன். கட்டு அவுத்து ஒரு வாரந்தான் ஆச்சு, கை துருதுருங்குது. கையை நீட்டுறேன், அம்மணி படக்குனு துண்டைப் புடிச்சுக்கிட்டா.

"அப்பா, டாக்டரம்மா கையை நீங்க புடிக்கலாமா?"

நாயந்தானுங்க. எனக்கே அது உறைக்கல. எந்தச் சந்தையிலயும் துண்டுக்குள்ள பொம்பளை கை வந்ததில்லை. "நான் பேசறேன்பா. நீங்க அப்படி நில்லுங்க"ன்னா. சுவத்தோரம் போயி நின்னேன். அம்மணி அந்தம்மா காதுல குனிஞ்சு என்னமோ சொன்னா, பேரம் பேசற முறையை. டாக்டரம்மா சிரிச்சாங்க. "சரி, எனக்கு இதுல என்ன லாபம்?"ன்னாங்க. அம்மணி திரும்பி என்னைய ஒரு பார்வை பார்த்தா. மறுபடியும் காதுல குனிஞ்சா. இப்ப டாக்டரம்மாவும் என்னையப் பார்த்தாங்க. காலுலேருந்து தலை வரைக்கும், மெதுவா. நான் நெஞ்சை நிமித்தி நின்னுக்கிட்டேன்.

துண்டு விழுந்துச்சு. ரெண்டு கையும் உள்ள.

உங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்னா, நீங்க பார்த்தா அது துண்டு. நான் எங்க உப்புது, எங்க சுருங்குதுன்னு பார்த்தே எண்ணிருவேன். முப்பது வருசக் கண்ணு. முதல்ல ஒண்ணு, அப்புறம் ரெண்டு. பன்னெண்டு. அம்மணிக்கு வேண்டிய நாளு. அது சட்டுனு முடிஞ்சுபோச்சு. அதோட கையை எடுப்பாங்கன்னு பார்த்தா, எடுக்கல. அடுத்த பேரம் ஓடுது! டாக்டரம்மா பக்கம் ஒரு விரல். பத்து. அம்மணி தலையை ஆட்டுறா, பத்தாதுன்னு. ரெண்டு விரல். இருபது. அதுக்கும் தலையை ஆட்டுறா. எனக்கு உள்ளுக்குள்ள பூரிப்பு. விடாதே கண்ணு, ஏத்து! கடைசியில ரெண்டு, அப்புறம் முழுக் கை, அப்புறம் ஒண்ணு. இருபத்தாறு. டாக்டரம்மா, "அத்தனையா?"ன்னாங்க வாய் விட்டு. அம்மணி, "அதுக்குக் குறைஞ்சாக் கட்டாது டாக்டர்"ங்கறா. என் பேச்சுங்க அது! அப்படியே என் பேச்சு!

துண்டை எடுத்தாங்க. முடிஞ்சுது. "இருபத்தாறு என்ன கண்ணு?"ன்னேன். "கயிறு மாறுறதுக்கு முந்திப் பேசக் கூடாதுல்லப்பா"ன்னுட்டா. அதுவும் சரிதான். புத்தகம் இருபத்தாறு குடுக்கறாங்களாக்கும்னு விட்டுட்டேன்.

பன்னெண்டு நாளும் போனா. கையெழுத்து வாங்குனா. ஜூன் ஒண்ணாந்தேதி ஒம்பது மணிக்கே கோயமுத்தூருல அந்த ஆபீசு வாசல்ல நாங்க நிக்கறோம், கூட்டறவ இன்னும் வரல. கிடைச்சுருச்சுங்க. இப்ப ஆஸ்டல்ல இருந்து படிக்கறா. போறதுக்கு முதல் நாள் சொல்லிட்டுப் போக இங்க வந்தோம். அம்மணி ஒரு வேலை பண்ணுனா. என் தோளுல இருந்த துண்டை எடுத்து என் கையில ஒரு நுனியைக் குடுத்து, மறு நுனியை இங்க இருக்கற நர்ஸு கையில குடுத்து, "அக்கா, பார்த்துக்குங்க"ன்னா. ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. சின்னப் புள்ளைங்க வெளையாட்டு.

அன்னிக்குத்தான் டாக்டரம்மா, "பொங்கியண்ணன், செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வாங்க. மாடு எப்படிப் பார்க்கறதுன்னு எனக்குச் சொல்லித் தரணும்"ன்னாங்க. நான் வந்து சொல்லிட்டு இருக்கறேன். அவங்களும் சும்மா கேக்கறதில்லை, செஞ்சு பார்த்துக் கத்துக்கறாங்க. செருப்பைக் கழட்டி அந்தக் கோடியிலேருந்து இந்தக் கோடிக்கு நடங்கறாங்க, நடை பார்க்கறதுக்கு. பாதத்தைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு தூண்டில் நரம்பு மாதிரி ஒண்ணால குத்தி, தெரியுதா தெரியுதாங்கறாங்க. குளம்பு பார்க்கறது அப்படித்தான். நகத்தைக்கூட வெட்டி விடறாங்க, அவ்வளவு ஆர்வம். விரல்ல ஒரு பொட்டு ரத்தம் எடுப்பாங்க, அது இங்க யாரு வந்தாலும் எடுக்கறது, நம்ம ஊட்டுல வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்கற மாதிரி. சத்து மாத்திரை குடுத்திருக்காங்க, காலைல ஒண்ணு, பொழுதோட ஒண்ணு. டீயில சர்க்கரை வேண்டாம், சந்தைக் கடை ஜிலேபி வேண்டாம்னாங்க. ஏனோ தெரியல. பெரியவங்க சொன்னா ஒரு காரணம் இருக்கும்.

ஒரு நாள் கேட்டாங்க, "மாட்டுக்குக் கால்ல புண்ணு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"அன்னிக்கே பார்க்கணும் டாக்டரம்மா. வலி இல்லாத புண்ணுதான் மோசம். மாடு சும்மா நிக்குதேன்னு விட்டாக் குளம்பே போயிரும். நாலு மாசம் அப்படியே விட்டு வச்சிருந்தா அந்தச் சொந்தக்காரனைத்தான் கட்டி வச்சு ஒதைக்கணும்"னேன்.

என்னையவே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. மனசுல வாங்கிக்கறவங்க அப்படித்தான்.

என் புண்ணா? அது தானா ஆறிருச்சுங்க. இந்த ரெண்டு மாசத்துல. நான்தான் சொன்னேனே, ஆறிரும்னு.

அம்மணியும் ஒவ்வொரு செவ்வாயும் போன் பண்ணுவா. "போனீங்களா? நடக்கச் சொன்னாங்களா? எத்தனை இருந்துச்சு?" எத்தனைன்னா, மேஜையில ஒரு மிசினு நம்பரு காட்டும், அது. அவளுக்கு டாக்டரம்மா மேல அவ்வளவு பாசம். போன வாரம் நான் சந்தைக்குப் போகணும், வரலைன்னேன். "அப்பா, கொடுத்த வாக்கு போயிரும்"னு போன்லயே அழுதா. யாரு வாக்கு குடுத்தாங்க? எதுக்குக் குடுத்தாங்க? சரி, புள்ளை அழுகறாளேன்னு சந்தையை விட்டுட்டு ஓடி வந்தேன்.

என்னது, பன்னெண்டா? அதுக்குள்ளயா? ஏனுங்க நர்ஸம்மா, நீங்க புதுசா? அந்தப் பழைய பொண்ணு எங்க? லீவா? என்ன அட்டை இது? எங்கிட்ட இதெல்லாம் குடுக்க மாட்டாங்களே, அவங்களே வச்சுக்குவாங்க. என்ன சொன்னீங்க? ஒம்பது முடிஞ்சாப் பாக்கி பதினேழா? எத்தனையில?

இருபத்தாறுலயா?

ஏனுங்க, ஜவுளிக்கடை, நீங்க கொஞ்சம் இதைப் படிங்க. எனக்கு நம்பரு மட்டுந்தான் ஓடும். மேல என்ன எழுதியிருக்குது? "சர்க்கரை, கால் புண். வாரம் ஒரு முறை. இருபத்தாறு வாரம். கோகிலவாணி ஒத்துக்கொண்டபடி."

ஓகோ.

ஓகோ... அப்ப அது புத்தகம் இல்லை. அந்தத் துண்டு நுனியை நர்ஸு கையில குடுத்தாளே, அது வெளையாட்டு இல்லை. கயிறு! கயிறு மாத்தியிருக்கறா! என்னையச் சுவத்தோரம் நிறுத்தி வச்சு, நெஞ்சை நிமித்தி வேற நின்னேன், கண்ணு முன்னாடியே வித்துட்டாளுங்க. பன்னெண்டு நாளுக்கு!

சிரிக்காதீங்க. இருங்க, இருங்க. பத்துன்னது யாரு? டாக்டரம்மா. இருபதுன்னது? டாக்டரம்மா. அந்தம்மா பத்துலயே விட்டிருப்பாங்க. ஏத்துனது எங்க அம்மணி. வாங்கறவங்க போதும் போதும்ங்கறாங்க, விக்கறவ இன்னும் எச்சா வச்சுக்கோ வச்சுக்கோங்கறா. எந்தச் சந்தையில இப்படி ஒரு பேரம் பார்த்திருக்கீங்க? இத்தனை வருசத்துல நான் பார்த்ததில்லை. அத்தனை வேணும்னு எதுக்குங்க அவ...

இல்லீங்க, கண்ணுல தூசி. இந்த மின்விசிறியைத் துடைக்கறதே இல்லை இவங்க.

வர்றேன் நர்ஸம்மா, வர்றேன். கத்தாதீங்க. கைமாறுன காளை, ஒழுங்கா வருவேன். நடக்கச் சொல்லுங்க, நடக்கறேன். காலைத் தூக்கச் சொல்லுங்க, தூக்கறேன். ஜிலேபியும் விட்டாச்சு. ஆனா ஏனுங்க ஜவுளிக்கடை, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். இங்க எல்லாருகிட்டயும் நாப்பத்தொம்பது வயசுன்னு சொல்லி வச்சிருக்கேன். இனிமே அந்தம்மா என்ன கேட்டாலும் சரி, வாயை மட்டும் திறக்க மாட்டேன். பல்லைப் பார்த்து வயசைக் கண்டுபிடிக்கிறதை அவங்களுக்குக் கத்துக் குடுத்ததே நாந்தான்.